சொந்த முகவரி

திருவல்லிக்கேணியில் டிடிபி தொழில் பார்த்த எங்களுக்கு, ‘நீ என்ன வேலை செய்வாய்?’ என்று கேட்பவரிடம் காட்ட ஒரு பிளாஸ்டிக் ஃபைல் இருந்தது. செய்து கொடுத்த கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கவிதைப் புத்தகத்தின் அட்டை, விசிட்டிங் கார்டு என ஒவ்வொன்றிலும் ஒரு பிரதியை அதில் செருகி வைத்திருப்போம். விளம்பர நிறுவனங்களில் வேலை தேடிய ஓவியர்கள் இதையே பெரிய அளவில், ஜிப் வைத்த கறுப்புப் பையில் சுமந்து அண்ணா சாலைக்கும் நுங்கம்பாக்கத்துக்கும் அலைந்தார்கள். மழைக்காலத்தில் பையின் மேல் இன்னொரு பாலிதீன் உறை ஏறும். வாட்டர்கலர் நனைந்தால் ஒரு வருட உழைப்பு போய்விடும்.

அந்த ஃபைலைக் கணினித் திரைக்கு மாற்ற முயன்ற முதல் தலைமுறையில் நானும் ஒருத்தி. இப்போது ‘போர்ட்ஃபோலியோ வெப்சைட்’ என்று கல்லூரிப் பிள்ளைகள் சாதாரணமாகச் சொல்கிறார்கள். அதன் கதையை அமெரிக்க நிறுவனங்கள் எழுந்து விழுந்த கதையாகவே எழுதிவிடுகிறார்கள். தமிழில் வேலை செய்தவர்களுக்கு அதில் இன்னொரு பாதியும் உண்டு. இடம் பறிபோனதால் மறைந்த பக்கங்கள் உலகம் முழுக்க இருக்கின்றன. எழுத்து பறிபோனதால் மறைந்தவை நம்மிடம் ஏராளம். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான், இன்று ஒருவர் தன் வேலைகளை எப்படி வெளியிட வேண்டும் என்பது விளங்கும்.

வலை பிறந்தபோதே சொந்தப் பக்கம் என்ற எண்ணமும் கூடவே பிறந்தது. ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1990 இறுதியில் எழுதிய முதல் உலாவியில், பக்கத்தைப் படிக்கவும் முடிந்தது, அதே சாளரத்தில் எழுதித் திருத்தவும் முடிந்தது. படிப்பவரே எழுதுபவர் என்று அவர் நினைத்திருந்தார். பின்னால் வந்த உலாவிகள் எழுதும் பாதியை விட்டுவிட்டன. 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் இந்தத் தொழில்நுட்பத்தை யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் மார்க் ஆண்டிரீசன், பக்கத்தின் உள்ளேயே படத்தை வைக்கும் குறியை முன்மொழிந்திருந்தார். அவரும் எரிக் பினாவும் சேர்ந்து எழுதிய மொசைக் உலாவியில் அது வேலை செய்தது. அதுவரை படம் பார்க்க வேண்டுமானால் பெரும்பாலும் தனிச் சாளரம் திறக்கும். படமும் அதன் விளக்கமும் ஒரே பக்கத்தில் அருகருகே நின்ற அந்த நாளில்தான் எங்கள் பிளாஸ்டிக் ஃபைலுக்கு வலையில் ஒரு வழி பிறந்தது.

மொசைக் வந்த இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அதே கூடத்திலிருந்து ஒரு சர்வர் மென்பொருளும் வந்தது. கணக்கு வைத்திருக்கும் மாணவர் தன் கோப்பகத்துக்குள் ‘பப்ளிக் எச்டிஎம்எல்’ என்று ஒரு உறை உண்டாக்கி அதில் எதைப் போட்டாலும் அது உலகத்துக்குத் தெரியும். முகவரியில் பல்கலைக்கழகத்தின் பெயர், ஒரு சாய்கோடு, டில்டே என்ற அலைக்குறி, அதன்பின் மாணவரின் பெயர். பென்சில்வேனியாவின் ஸ்வார்த்மோர் கல்லூரியில் படித்த ஜஸ்டின் ஹால் 1994 ஜனவரியில் தன் பக்கத்தைத் தொடங்கி, தன் வாழ்க்கையையே அதில் எழுதத் தொடங்கினார். அமெரிக்காவில் மேற்படிப்புக்குப் போன தமிழ் மாணவர்களும் அலைக்குறி முகவரிகளில் பக்கங்கள் வைத்தார்கள். பட்டம் வாங்கியதும் கணக்கு மூடப்படும், கணக்கோடு பக்கமும் போகும். இடம் இன்னொருவருடையது என்றால் என்ன ஆகும் என்பதை வலை தன் முதல் ஐந்தாண்டுக்குள்ளேயே காட்டிவிட்டது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருந்தவர்களுக்கு வழி திறந்தது ஜியோசிட்டீஸ். டேவிட் போனெட்டும் ஜான் ரெஸ்னரும் 1994 இல் கலிஃபோர்னியாவில் வேறு பெயரில் தொடங்கிய நிறுவனம் அது. அவர்கள் இலவச இடத்தை வெறும் இடமாகத் தரவில்லை, பேட்டைகளாகப் பிரித்துத் தந்தார்கள். சினிமா என்றால் ஹாலிவுட், கணினி என்றால் சிலிக்கன்வேலி, இலக்கியமும் கல்வியும் என்றால் ஏதென்ஸ், ஓவியம் என்றால் சோஹோ, அறிவியல் புனைகதை என்றால் ஏரியா51. பேட்டையைத் தேர்ந்தெடுத்து, காலியாக உள்ள மனை எண் ஒன்றைப் பிடிக்க வேண்டும். பேட்டைப் பெயரும் அந்த நான்கு இலக்க எண்ணும் சேர்ந்து முகவரியாகிவிடும். தொடக்கத்தில் ஒருவருக்குக் கிடைத்தது 2 எம்பி. இன்றைய கைபேசிப் புகைப்படம் ஒன்றே அதைவிடப் பெரியது. அந்த 2 எம்பிக்குள் ஆட்கள் தங்கள் வாழ்நாள் ஆர்வத்தை அடைத்து வைத்தார்கள். பூனை வளர்ப்பு, தபால்தலை, இறந்துபோன பிள்ளையின் நினைவு, தங்கள் ஓவியம், தங்கள் ஊர் எனப் பொருளுக்குக் குறைவே இல்லை.

அந்தப் பக்கங்களின் தோற்றத்தைப் பின்னால் வந்தவர்கள் மட்டமாகப் பேசுகிறார்கள். மின்னும் நட்சத்திரப் பின்னணி, மஞ்சள் எழுத்து, மண் தோண்டும் ஆள் பொம்மையுடன் ‘பணி நடக்கிறது’ என்ற பலகை, அடியில் வந்தவர்களை எண்ணும் எண்காட்டி, கருத்து எழுதிப் போக விருந்தினர் ஏடு என்று இருக்கும். எனக்கு அந்தப் பக்கங்கள் மேல் மதிப்பு உண்டு. பக்க வடிவமைப்பு என்ற தொழிலே இல்லாத நாளில், அச்சகத்தையோ கல்லூரியையோ பார்த்திராதவர்கள் பக்கம் எழுதும் மொழியான எச்டிஎம்எல்லைத் தாங்களே கற்றுத் தங்கள் கையால் கட்டியவை அவை. அட்டவணை போடுவதற்கென்று இருந்த குறியை எடுத்துப் பக்கத்தை நிரைகளாகப் பிரித்தார்கள். இடைவெளி வேண்டிய இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிக்சல் படத்தைச் செருகி இழுத்தார்கள். ஹோக்கன் வியும் லீ 1994 இல் முன்மொழிந்த, பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் மொழியான சிஎஸ்எஸ், 1996 டிசம்பரில் தரநிலை ஆனது. ஆனால் உலாவிகள் அதை ஒழுங்காகப் புரிந்துகொள்ளப் பல ஆண்டுகள் பிடித்தன. அதுவரை எல்லோரும் அட்டவணையில்தான் குடியிருந்தோம்.

சென்னையில் இதெல்லாம் மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது, தொடக்க நகரங்களில் அன்றைய மெட்ராஸும் ஒன்று. ஆனால் கட்டணம் எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. மாணவர்களுக்கென இருந்த மலிவான கணக்கில் வெறும் எழுத்துதான் வரும், படம் வராது. 1998 நவம்பரில் தனியார் சேவை அனுமதிக்கப்பட்ட பிறகுதான் தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர் முளைத்தது. எங்கள் கடையில் பேஜ்மேக்கர் ஓடும் கணினி இருந்தது, இணையம் இல்லை. பகலில் வேலை முடிந்தபின் நோட்பேடில் எச்டிஎம்எல் எழுதி, 1.44 எம்பி ஃபிளாப்பியில் ஏற்றிக்கொண்டு, பக்கத்துத் தெரு பிரவுசிங் சென்டருக்குப் போவேன். ஸ்கேனர் வேறொரு கடையில் இருந்தது, படத்துக்கு இவ்வளவு என்று காசு. அதனால் எந்த அட்டையை ஸ்கேன் செய்வது என்று தேர்ந்தெடுப்பதே ஒரு வடிவமைப்புப் பாடமானது. நல்லதை மட்டும் வை, மற்றதை விடு.

28.8 மோடத்தில் நொடிக்கு 3 கேபி வந்தாலே அதிகம். 30 கேபி படம் ஒன்று திரையில் இறங்கப் பத்து நொடி ஆகும், மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாக வரும். எனவே நிறங்களைக் குறைப்போம். எந்தத் திரையிலும் மாறாத 216 நிறங்கள் என்று ஒரு பட்டியல் இருந்தது, அதற்குள் நிற்போம். கடைக் கணினியில் சரியாகத் தெரிந்த படம் சர்வரில் ஏறியதும் காணாமல் போகும். விண்டோஸுக்குக் கோப்புப் பெயரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்று, யூனிக்ஸ் சர்வருக்கு வேறு வேறு. ‘எல்லாத்தையும் சின்ன எழுத்துல போடுங்கக்கா, தொல்லையே இருக்காது’ என்று பிரவுசிங் சென்டர் தம்பி சொல்லிக் கொடுத்ததை நான் இன்றும் என் மாணவர்களுக்குச் சொல்கிறேன்.

இவ்வளவும் உலகத்தில் எல்லோருக்கும் பொது. தமிழ் எழுத்தில்தான் எங்கள் பாதை பிரிந்தது.

டிடிபியில் ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் தன் விருப்பப்படி தமிழ் எழுத்துகளை ஆங்கில எழுத்துகளுக்கான எண்களில் ஏற்றி வைத்திருந்தது. ஒரு நிறுவனத்தின் உருவில் ‘க’ இருக்கும் எண்ணில் இன்னொன்றில் ‘ழ’ இருக்கும். அச்சு வேலையில் இதனால் ஒரு கெடுதலும் இல்லை. பட்டர் ஷீட்டில் பிரிண்ட் எடுத்து பிளேட் போட்டுவிட்டால், வாசகர் கைக்குப் போவது எழுத்தின் வடிவம். வலையில் பயணம் செய்வது வடிவம் அல்ல, எண். அந்த எண்ணுக்கு உரிய வடிவம் படிப்பவரின் கணினியில் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் நான் திருவல்லிக்கேணியில் கோத்த ‘வணக்கம்’ டொரண்டோவில் தலையில் புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துக் குவியலாகத் தெரியும். தமிழ்ப் பக்கம் வைத்திருந்த எவரும் இதைத் தாண்டாமல் வந்திருக்க முடியாது.

தப்பிக்க மூன்று வழிகள் இருந்தன. பக்கத்தின் தலையில் ‘இந்த எழுத்துருவை இறக்கிக்கொள்ளுங்கள்’ என்று ஒரு சுட்டி வைப்பது முதலாவது. பிரவுசிங் சென்டரில் வாடகைக்கு உட்கார்ந்திருப்பவர் அந்தக் கணினியில் எழுத்துருவை நிறுவ முடியாது என்பதால் அது பாதிப் பேருக்குப் பயன்படவில்லை. தமிழை முழுவதும் படமாக மாற்றிப் போடுவது இரண்டாவது. அழகாக இருக்கும், ஆனால் எடை கூடும், தேட முடியாது, ஒரு எழுத்துப் பிழையைத் திருத்த முழுப் படத்தையும் மறுபடி செய்ய வேண்டும். பக்கத்தோடு எழுத்துருவும் சேர்ந்து இறங்கும் ஏற்பாடு மூன்றாவது. 1997 வாக்கில் நெட்ஸ்கேப் ஒரு வகையையும் மைக்ரோசாஃப்ட் இன்னொரு வகையையும் கொண்டுவந்தன. ஒன்றின் கோப்பு மற்றதில் ஓடாது. மைக்ரோசாஃப்ட் வகையில் எழுத்துரு உண்டாக்கும்போதே அது எந்த முகவரியில் இயங்கும் என்று பூட்டிவிட வேண்டும். பக்கத்தை வேறு இடத்துக்குக் குடிபெயர்த்தால் எழுத்து வேலை செய்யாது. இடத்தோடு எழுத்தையும் கட்டிப்போட்ட அந்த ஏற்பாடுதான் பல தமிழ்ப் பக்கங்களுக்குக் கடைசியில் எமனாக வந்தது.

இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டியவர்களை நன்றியோடு நினைக்க வேண்டும், ஏனென்றால் அவர்களில் பலருக்கு இது சம்பளத்துக்குச் செய்த வேலை அல்ல. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995 அக்டோபரில் அந்நாட்டுக் கவிதைத் தொகுப்புத் தளத்தின் வழியாகத் தமிழை வலையேற்றினார். எழுத்தாளரும் ஆசிரியருமான அவர் 1997 இல் தமிழ்நெட் மாநாட்டை அங்கே நடத்தினார், 1999 இல் காலமானார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980களிலிருந்தே முரசு மென்பொருளை வளர்த்துவந்தார். சுவிட்சர்லாந்தின் லோசானில் வேதியியல் ஆய்வாளரான கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவைச் செய்து இலவசமாகக் கொடுத்தார். அவர் நடத்திய தமிழ் மின்னூலகப் பக்கம் ஜியோசிட்டீஸின் ஏதென்ஸ் பேட்டையில்தான் இருந்தது. இணையக் குழுவில் பல நாட்டுத் தமிழர்கள் கூடி விவாதித்து ‘டிஸ்கி’ என்ற பொதுக் குறியீட்டை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டுக்குப் பிறகு தமிழ்நாட்டு அரசு ‘டாம்’, ‘டாப்’ என்ற வேறு இரு குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. விசைப்பலகை நிலைத்தது. குறியீடுகள் ஒன்றோடொன்று போட்டியிட்டு எல்லாமே பழசாயின.

வென்றது யுனிகோடு என்ற உலகப் பொதுக் குறியீடு. 1991 இல் வெளிவந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. இந்திய அரசின் 1988 ஆம் ஆண்டு இஸ்கி தரத்தை ஒட்டி அமைந்த அந்த ஒதுக்கீட்டைப் பற்றி இன்றும் மனக்குறை உள்ளவர்கள் இருக்கிறார்கள். உயிர்மெய்க்குத் தனி இடம் தராமல் மெய்யையும் உயிர்க்குறியையும் இணைத்துக் காட்டும் பொறுப்பை அது கணினியிடம் விட்டது. ‘கொ’ என்று எழுதினால் கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் கொண்டுபோய்ச் சேர்க்கும் அறிவு கணினிக்கு வேண்டும். விண்டோஸ் 98க்கு அந்த அறிவு இல்லை. லதா எழுத்துருவுடன் விண்டோஸ் 2000 வந்தபோதுதான் வழி பிறந்தது. எக்ஸ்பியில்கூடச் சிக்கலான எழுத்து முறைகள் என்ற கட்டத்தில் குறியிட்டு, குறுந்தட்டைச் செருகி, கணினியை மறுபடி தொடக்க வேண்டியிருந்தது. தொடக்க கால ஆண்ட்ராய்டு கைபேசிகளில் தமிழ் கட்டம் கட்டமாகவே தெரிந்தது. ஆக, குறியீடு வந்து இருபது ஆண்டு கழித்தே அது எல்லார் கைக்கும் வந்து சேர்ந்தது.

பழைய பக்கங்களை மாற்றி எழுதியவர்கள் பிழைத்தார்கள். 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன் இலக்கிய மின்நூல்களைப் பழைய குறியீட்டிலிருந்து டிஸ்கிக்கும், பின் யுனிகோடுக்கும் மாற்றிக்கொண்டே வந்தது. சொந்த முகவரியும் வைத்துக்கொண்டது. இன்றும் அந்த நூல்களைக் கைபேசியில் படிக்கிறோம். பழைய குறியீட்டை யுனிகோடாக்கும் பொங்குதமிழ் மாற்றி கையில் கிடைத்ததும் நானும் என் பக்கத்தின் விளக்கக் குறிப்புகளை எல்லாம் ஒவ்வொன்றாக ஒட்டி மாற்றினேன். என்னோடு அன்று பக்கம் தொடங்கிய ஓவியர்கள், அச்சுக்கோப்பாளர்கள், சிற்றிதழ் நடத்தியவர்கள் பலருக்கு மாற்றிக்கொடுக்க ஆளில்லை. அவர்களுடைய சில பக்கங்கள் இன்னும் எங்கோ சேமிப்பில் இருக்கின்றன, திறந்தால் படிக்க முடியாத குவியல்தான் வரும். எந்த எழுத்துருவில் கோத்தது என்று தெரிந்தால் மீட்டுவிடலாம். அந்தக் குறிப்பு பக்கத்தில் எழுதப்பட்டிருக்காது.

இதற்கிடையே தொழில்முறைப் போர்ட்ஃபோலியோக்களை ஃபிளாஷ் பிடித்துக்கொண்டது. ஃபியூச்சர்ஸ்பிளாஷ் என்ற சிறு மென்பொருளை 1996 இறுதியில் மேக்ரோமீடியா வாங்கிப் பெயர் மாற்றியதில் தொடங்கிய கதை அது. 2000 தொடக்கத்தில் சென்னையில் தங்களுக்குத் தளம் வேண்டும் என்று வந்த புகைப்படக்காரர்களும் கட்டடக் கலைஞர்களும் ஃபிளாஷ்தான் கேட்டார்கள். முதலில் அசையும் முன்னோட்டம், பிறகு இசை, பிறகு கதவு போலத் திறக்கும் படங்கள். தமிழ் வடிவமைப்பாளர்களுக்கு அதில் ஒரு தனிச் சுகம் இருந்தது: எழுத்தை உடைத்து வடிவமாக்கி உள்ளேயே வைத்துவிட்டால் எந்தக் கணினியிலும் தமிழ் பிசிறில்லாமல் தெரியும். எழுத்துருத் தொல்லைக்கு அதைவிட நல்ல மருந்து அன்று கிடையாது. ஆனால் உள்ளே எழுத்தே இல்லை, வெறும் வளைகோடுகள்தான். தேடுபொறிக்கும் பார்வையற்றவரின் திரைவாசிப்பானுக்கும் அங்கே எதுவும் கிடைக்காது. 2007 இல் வந்த ஐஃபோன் ஃபிளாஷை ஏற்கவில்லை. 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஏன் ஏற்கப்போவதில்லை என்று பகிரங்கமாக எழுதினார். 2020 டிசம்பர் 31 அன்று, ஃபிளாஷை அப்போது வைத்திருந்த அடோபி அதன் ஆதரவை நிறுத்தியது. பத்துப் பதினைந்து ஆண்டு உழைப்பு அதோடு இயங்காமல் போனது. அழகுக்காக எழுத்தை விட்டுக்கொடுத்தவர்கள் கொடுத்த விலை மிகப் பெரியது. இதை நான் பொதுவில் அடிக்கடி சொல்லி வருகிறேன், இன்னும் சொல்வேன்.

ஜியோசிட்டீஸுக்கு என்ன ஆயிற்று? 1999 ஜனவரியில் யாஹூ அதை ஏறத்தாழ 357 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. பேட்டை முகவரிகள் போய்ப் பயனர் பெயர் முகவரிகள் வந்தன. 2009 அக்டோபர் 26 அன்று தளம் மூடப்பட்டது. ஜேசன் ஸ்காட் முன்னின்ற ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வக் குழு, மூடுவதற்கு முந்தைய மாதங்களில் இரவு பகலாக நகலெடுத்து, அடுத்த ஆண்டு சுமார் 640 ஜிபி தொகுப்பாக வெளியிட்டது. கலைஞர்கள் ஒலியா லியாலினாவும் டிராகன் எஸ்பென்ஷீடும் அந்தத் தொகுப்பைப் பக்கம் பக்கமாகப் பார்த்துப் படமெடுத்து ஆய்ந்தார்கள். அமெரிக்க நாட்டுப்புறக் கலையை ஆராய்வது போன்ற அக்கறையை அந்த வீட்டுப் பக்கங்களுக்குக் காட்டியவர்கள் அவர்களே. அதே தொகுப்பில் தமிழ்ப் பக்கங்களும் உள்ளன. அவற்றைப் பிரித்தெடுத்து, எழுத்துரு கண்டுபிடித்து, யுனிகோடுக்கு மாற்றும் வேலையை ஒரு பல்கலைக்கழகத் தமிழ்த்துறை கையில் எடுத்தால் நான் சம்பளமில்லாமல் போய் உட்காருவேன்.

ஜியோசிட்டீஸ் தலைமுறைக்குப் பின் வந்த பிஹான்ஸ், இன்ஸ்டாகிராம் போன்றவற்றைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. ஆட்களைச் சேர்ப்பதில் அவை கெட்டிக்காரத் தளங்கள். வேலை தேடுபவர் அங்கே இருக்கத்தான் வேண்டும். ஆனால் அங்கே எல்லோரின் பக்கமும் ஒரே சட்டத்தில், ஒரே அகலத்தில், அடுத்தவரின் படத்துக்கு நகர்த்தும் விரலுக்குக் கீழே இருக்கிறது. வைப்பதும் எடுப்பதும் அவர்கள் விருப்பம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சினிமா பேனர் ஓவியருக்குத் தளம் செய்தேன். அண்ணா சாலைத் தியேட்டர் வாசல்களில் நாற்பது அடி முகங்கள் வரைந்த தலைமுறையைச் சேர்ந்தவர். ஸ்டில் படத்தில் கட்டம் போட்டு, அதே கட்டத்தைத் துணியில் பெரிதாகப் போட்டு, சாரத்தில் ஏறி நின்று வரைந்தவர். ஃபிளெக்ஸ் அச்சு வந்ததும் சில ஆண்டுகளில் தொழிலே போய்விட்டது. ‘நான் வரைஞ்சதுக்கு அத்தாட்சி என்னம்மா இருக்கு? படம் மாறினா அதே துணியில வெள்ளை அடிச்சு அடுத்த படத்தை ஏத்துவோம்’ என்றார். ‘ஒரு போட்டோகூடவா இல்லை அண்ணே?’ என்று கேட்டேன். பேனருக்கு முன்னால் நண்பர்களோடு நின்று எடுத்த படங்கள் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவில் தேதியும் படப் பெயரும் சிலவற்றில் எழுதியிருந்தன.

தளத்தின் உண்மையான வேலை அந்தப் பெட்டியில் தொடங்கியது. படங்களைப் பெரிய அளவில் ஸ்கேன் செய்து மூலத்தைத் தனியே வைத்தோம். வலைக்கு 1600 பிக்சல் அகலத்தில் ஒரு நகல், ஒவ்வொன்றும் 200 கேபிக்குள். பிறகு அவரைப் பேசவிட்டு ஒவ்வொரு படத்துக்கும் குறிப்பு எழுதினோம்: எந்தத் தியேட்டர், எந்த ஆண்டு, எத்தனை அடிக்கு எத்தனை அடி, முகம் யார் கை, உடை யார் கை, எழுத்து யார் கை. பேனர் கூடத்தில் முகத்தை ஆசான் போடுவார், மீதியைச் சீடர்கள் போடுவார்கள். அந்தச் சீடர்களின் பெயரையும் அவர் விடாமல் சொன்னார். ‘எழுத்து போட்டவன் இப்ப ஆட்டோ ஓட்டுறாம்மா, அவன் பேரு முதல்ல வரட்டும்’ என்றார். எழுத்துக் கோப்பில் வளர்ந்த எனக்கு அந்த வாக்கியம் நெஞ்சில் தங்கிவிட்டது. குறிப்புகள் எல்லாம் யுனிகோடு எழுத்து, ஒன்றுகூடப் படமில்லை. படத்துக்குப் பின்னால் அதை விவரிக்கும் மாற்றுரையும் தமிழில் உண்டு. கைபேசியில் படம் ஒன்றன்கீழ் ஒன்றாகவும் பெரிய திரையில் இரண்டிரண்டாகவும் வரும். இது வலை வடிவமைப்பாளர் ஈதன் மார்காட் 2010 இல் எழுதிய முறை, சிஎஸ்எஸ்ஸில் சில வரிகள்தான். எழுத்துருவாகத் தமிழுக்கென வரையப்பட்ட திறந்த உரிம உருவம் ஒன்றைச் சேர்த்தேன். அது இறங்காவிட்டால் கைபேசியில் உள்ள தமிழ் எழுத்தே வந்துவிடும். எழுத்துரு போனாலும் எழுத்து போகாது.

டேட்டாபேஸ் எதுவும் வைக்கவில்லை. எச்டிஎம்எல் கோப்புகளும் ஒரு சிஎஸ்எஸ் கோப்பும் படங்களும் மட்டும். 1998 இல் நோட்பேடில் நான் எழுதிய கோப்பு இன்றைய உலாவியிலும் திறக்கிறது. வலையின் முதல் பக்கத்தை செர்ன் 2013 இல் அதன் பழைய முகவரியிலேயே மறுபடி வைத்தது, அதுவும் திறக்கிறது. முப்பது ஆண்டுத் தேர்வில் தேறிய வடிவம் இதைத் தவிர வேறில்லை. முகவரி அவர் பெயரில், அவர் மகளின் மின்னஞ்சலில், அவர்கள் பணத்தில் வாங்கியது. கோப்புகள் தங்கும் இடம் இலவசம்தான். அது நாளை மூடப்பட்டால் கோப்புறையைத் தூக்கி இன்னொரு இடத்தில் வைத்து முகவரியை அங்கே திருப்பிவிடலாம், பார்க்க வருபவருக்கு வித்தியாசமே தெரியாது. இடத்தை வாடகைக்கு எடுப்பதில் பிழையில்லை. முகவரியை வாடகைக்கு எடுத்ததுதான் ஜியோசிட்டீஸ் தலைமுறையின் இழப்பு. நான் தொடக்கத்தில் பக்கம் வைத்திருந்த இலவசத் தளமும் ஒருநாள் சொல்லாமல் மறைந்தது. கோப்புகள் ஃபிளாப்பியில் பத்திரமாக இருந்தன. புத்தக அட்டைகளின் அடியில் அந்த முகவரியை அச்சிட்டிருந்தோம், அந்த அச்சு இனி மாறாது.

ஓவியர்கள், தச்சர்கள், புகைப்படக்காரர்கள், நாடகக்காரர்கள், சிற்றிதழாளர்கள், யாராக இருந்தாலும் சொல்கிறேன். உங்களுக்குத் தளம் செய்து தந்தவரிடம் இன்றே இரண்டு கேள்வி கேளுங்கள்: டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? கோப்புகளின் முழு நகல் என் கையில் இருக்கிறதா? செய்தவரின் பெயரில் இருந்தால் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நகலைப் பென்டிரைவ் ஒன்றில் வாங்கி வையுங்கள். இணைய ஆவணகத்தின் வேபேக் மெஷினில் உங்கள் முகவரியைக் கொடுத்து ஒரு பிரதியைச் சேமியுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. காலாவதித் தேதியை வீட்டு நாட்காட்டியில் எழுதி வையுங்கள். டாட் காம் முகவரி ஒன்று புதுப்பிக்கப்படாமல் நீக்கப்பட்டால், உரியவர் மீட்டுக்கொள்ள 30 நாள் தரப்படும். அதற்குள் மீட்காவிட்டால் சில நாளில் அந்த முகவரியை யார் வேண்டுமானாலும் வாங்கலாம்.